புயல் சாய்த்த மரம்: அமீனுக்குப் பிறகு உகாண்டா, 1979–80

1979 ஏப்ரல் 13, கம்பாலா. இடி அமீனின் தலைநகரம் விழுந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. யூசுஃப் லூலே என்ற முதிய பேராசிரியர் உகாண்டாவின் புதிய ஜனாதிபதியாகப் பதவியேற்றார். மக்கெரேரே பல்கலைக்கழகத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர். சட்டை கசங்காத மனிதர். திரண்டிருந்த கூட்டத்திடம் தன் தாய்மொழியான லுகாண்டாவில் ஒரு பழமொழி சொன்னார். கோடாரி வைத்து வெட்டலாம் என்று பார்த்திருந்ததைப் புயலே சாய்த்துவிட்டது என்பது அதன் பொருள். கூட்டம் ஆர்ப்பரித்தது.

லுகாண்டா பேசும் பகாண்டா மக்களின் காதில் அது தேனாக விழுந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அரண்மனையையும் அரசரையும் பறிகொடுத்தவர்கள் அவர்கள். இப்போது நம்மவர் ஒருவர் மேலே வந்துவிட்டார் என்ற நிம்மதி. அதே வார்த்தை மற்ற இனத்தவர்களுக்கு, முக்கியமாக வடக்கத்தியவர்களுக்கு, முள்ளாகக் குத்தியது. எனக்கு அந்தப் பழமொழியில் உறுத்துவது வேறு. புயல் என்று லூலே சொன்னது தான்சானிய ராணுவத்தை. கோடாரி தங்கள் கையில் இருக்கவில்லை என்பதைப் பதவியேற்ற அன்றே ஊரறியச் சொல்லிவிட்டார். 68 நாளில் அவருடைய பதவி போனது.

வெளிநாட்டுப் படை வந்து ஓர் ஆட்சியைக் கவிழ்த்தால் அடுத்து எப்படிப்பட்ட அரசு வரும் என்ற பேச்சு எழுந்தால், நாம் உடனே ஈராக்குக்குப் போய்விடுவோம். அப்புறம் பேச்சு எண்ணெய்க்கும் அமெரிக்காவுக்கும் திரும்பி அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் நான் உகாண்டாவை எடுத்துக்கொள்கிறேன். படையெடுத்தவர் பக்கத்து வீட்டு ஏழை. கிணறும் சுரங்கமும் குறிவைத்து வந்தவரில்லை. தான்சானிய ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயை எதிரிகள்கூடப் பணத்தாசை பிடித்தவர் என்று சொன்னதில்லை. கவிழ்க்கப்பட்டவரோ உலகமே முகம் சுளித்த அமீன். சண்டையைத் தொடங்கியதும் அமீன்தான். இவ்வளவு சாதகமாக எல்லாம் அமைந்த இடத்திலும் கதை எப்படிப் போனது என்று பார்த்தால், ‘உள்நோக்கம் கெட்டது, அதனால் விளைவும் கெட்டது’ என்ற எளிய விடையை வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது.

அமீன் கொடுத்த காரணம்

கொஞ்சம் முன்கதை. 1962 அக்டோபர் 9-இல் உகாண்டா விடுதலை பெற்றது. மில்டன் ஒபோட்டே பிரதமர். வடக்கே லாங்கோ இனத்தவர். பகாண்டா மக்கள் வாழும் நடுப்பகுதியான புகாண்டாவின் அரசர் இரண்டாம் முட்டேசா, பெயரளவிலான ஜனாதிபதி. இந்த ஏற்பாடு நான்கு வருடம்கூடத் தாங்கவில்லை. 1966 மே மாதம் ஒபோட்டே ராணுவத்தை அரண்மனைக்கு அனுப்பினார். அரசர் லண்டனுக்குத் தப்பினார்; 1969-இல் அங்கேயே இறந்தார். அரண்மனைத் தாக்குதலை நடத்திய தளபதி யார் தெரியுமா? இடி அமீன். 1971 ஜனவரி 25-ஆம் தேதி ஒபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காக சிங்கப்பூரில் இருந்தபோது, அதே அமீன் அவரைக் கவிழ்த்தார். கம்பாலாவில் பகாண்டா மக்கள் தெருவில் ஆடிப்பாடி அமீனை வரவேற்றார்கள். ஒபோட்டேக்கு நியரேரே தார் எஸ் சலாமில் இடம் கொடுத்தார். 1972-இல் ஒபோட்டேயின் ஆட்கள் தான்சானியாவிலிருந்து புறப்பட்டு அமீனைத் தாக்கிப் பார்த்து அடிவாங்கித் திரும்பினார்கள்.

அமீனின் எட்டு ஆண்டுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. 1972 ஆகஸ்டில் ஆசிய வம்சாவளியினருக்கு 90 நாள் கெடு கொடுத்து விரட்டியது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். போனவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள். கொல்லப்பட்டவர்கள் 3 லட்சம் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. கூடக் குறைய இருக்கலாம், யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1978 அக்டோபரில் அமீனின் ராணுவத்துக்குள் கலகம் மூண்டது. கலகத்தை அடக்கப் போன படை அப்படியே எல்லை தாண்டித் தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்தது. கிட்டத்தட்ட 1,800 சதுர கிலோமீட்டர். நவம்பர் 1-ஆம் தேதி அது உகாண்டாவோடு சேர்க்கப்பட்டுவிட்டதாக அமீன் அறிவித்தார். சிப்பாய்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், சர்க்கரை ஆலையைச் சூறையாடினார்கள், கியாக்காவில் ஆற்றின் மேல் இருந்த பாலத்தைத் தகர்த்தார்கள். மறுநாள் நியரேரே வானொலியில் பேசினார். அவனை அடிக்கக் காரணம் இருக்கிறது, பலம் இருக்கிறது, மனமும் இருக்கிறது என்ற அந்தச் சுவாஹிலிப் பேச்சு தான்சானியாவில் இன்றும் வயதானவர்களுக்கு மனப்பாடம்.

ககேராவை மீட்டதோடு நின்றிருக்கலாம். நியரேரே நிற்கவில்லை. ஆனால் கம்பாலாவைத் தன் படையே போய்ப் பிடிக்க வேண்டும் என்றும் அவர் ஆசைப்படவில்லை. எல்லையோர நகரங்களான மசாக்காவையும் எம்பராராவையும் எடுத்துக் கொடுத்தால், மீதியை உகாண்டாவின் சொந்தப் போராளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது அவர் எண்ணம். இங்கேதான் கணக்கு பிசகியது. நாடுகடந்து வாழ்ந்த உகாண்டாக்காரர்களிடம் மாநாடு நடத்த ஆள் இருந்தது. சண்டை போட ஆள் இல்லை. ஒபோட்டே ஆதரவாளர்களின் ‘கிகோசி மாலும்’, யோவேரி முசெவேனி என்ற இளம் போராளித் தலைவரின் ‘ஃப்ரொனாசா’, இன்னும் ஒன்றிரண்டு குழுக்கள், எல்லாம் சேர்ந்தாலும் தான்சானியப் படைக்கு முன்னால் கைப்பிடி அளவு. கடாஃபி வேறு அமீனுக்காக லிபியத் துருப்புகளை அனுப்பிவிட்டார். மார்ச் மாதம் லுக்காயாவில் நடந்த சண்டைக்குப் பிறகு, தான்சானியர்களே கம்பாலா வரை போக வேண்டும் என்பது உறுதியாயிற்று.

ஏப்ரல் 7-ஆம் தேதி என்டபே விமான நிலையம், 10–11-இல் கம்பாலா. தெருவில் நின்ற சிப்பாய்கள் தான்சானியர்கள். ஆனால் ஏப்ரல் 11 அன்று உகாண்டா வானொலியில், அமீனின் ஆட்சி முடிந்தது என்று அறிவித்த குரல் டேவிட் ஓயிட்டே ஓஜோக்குடையது. கிகோசி மாலும் தளபதி, லாங்கோ இனத்தவர், ஒபோட்டேயின் ஆள். சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அந்த ஒலிவாங்கியை யார் கையில் கொடுத்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

மோஷி: கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் ஓர் அரசு

கம்பாலாவுக்கான சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த அரசை உருவாக்கும் வேலையும் தொடங்கியிருந்தது. மார்ச் 24 முதல் 26 வரை, வடக்குத் தான்சானியாவில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள மோஷி என்ற ஊரில் மாநாடு. லண்டன், நைரோபி, லுசாக்கா, தார் எஸ் சலாம் என்று சிதறிக் கிடந்த 28 உகாண்டா அமைப்புகள் வந்து சேர்ந்தன. சிலவற்றில் தலைவர் உண்டு, தொண்டர் இல்லை. எந்த அமைப்பு உண்மையானது, எது லெட்டர்பேடு அமைப்பு, யார் உள்ளே உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற தகராறே நேரத்தைத் தின்றது. நம்மூரில் கூட்டணிப் பேச்சுவார்த்தை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நியரேரே ஒரு காரியம் செய்தார். ஒபோட்டேயை வர வேண்டாம் என்றார். ஒபோட்டே வந்தால் பகாண்டா மக்கள் மாநாட்டையே புறக்கணிப்பார்கள். கென்யாவும் முகம் சுளிக்கும். ஒபோட்டேயும் சத்தம் போடாமல் தார் எஸ் சலாமிலேயே இருந்துகொண்டார். அவர் வரவில்லை, அவருடைய ஆட்கள் வந்தார்கள்.

மாநாட்டின் முடிவில் உகாண்டா தேசிய விடுதலை முன்னணி பிறந்தது. அதற்கு 11 பேர் கொண்ட நிர்வாகக் குழு, தலைவர் லூலே. 30 பேர் கொண்ட தேசிய ஆலோசனை மன்றம், அதாவது தற்காலிக நாடாளுமன்றம். தலைவர் எட்வர்ட் ருகுமாயோ. இவை தவிர நிதிக்கு ஒரு குழு, அரசியலுக்கு ஒரு குழு, ராணுவத்துக்கு ஒரு குழு. ராணுவக் குழுவின் தலைவர் பாவ்லோ முவாங்கா, ஒபோட்டே கட்சியின் பழைய ஆள். துணைத் தலைவர் யோவேரி முசெவேனி. உறுப்பினர்களில் வானொலியில் பேசிய ஓயிட்டே ஓஜோக்கும் ஒருவர்.

காகிதத்தில் பார்த்தால் அழகான ஏற்பாடு. தனிமனித ஆட்சியில் அடிபட்டு வந்தவர்கள் அதிகாரத்தைப் பிரித்து வைத்தார்கள். ஒருவருக்கு ஒருவர் கடிவாளம். ஆலோசனை மன்றத்தில் இடதுசாரிக் கல்வியாளர்கள் நால்வர் செல்வாக்கோடு இருந்தார்கள். ‘நால்வர் கும்பல்’ என்று எதிரிகள் கேலி செய்தார்கள். அவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த யாஷ் டாண்டன். ஆசியர்களை மொத்தமாக விரட்டிய நாட்டின் அடுத்த அரசில் ஓர் ஆசியர் முக்கிய இடத்தில் இருந்தது அந்த மாநாட்டின் நல்ல பக்கம்.

ஆனால் இந்தக் குழுக்களில் ஒன்றைத் தவிர மற்ற எதற்கும் கீழே ஆள் இல்லை. நிதிக்குழுவிடம் நிதி இல்லை. அரசியல் குழுவுக்குக் கிராமத்தில் கிளை இல்லை. லூலேவுக்குக் கட்சியே இல்லை, அதனால்தான் அவரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ராணுவக் குழுவிடம் மட்டும் ராணுவம் இருந்தது. சிறியதுதான், ஆனால் வளர்ந்துகொண்டிருந்தது.

68 நாள்

கம்பாலா விழுந்த நாட்களில் ஊரே வீதிக்கு வந்தது. அரசு அலுவலகங்களில் இருந்து நாற்காலி, மெத்தை, தட்டச்சுப் பொறி என்று கையில் கிடைத்ததைத் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். தான்சானியச் சிப்பாய்கள் தடுக்கவில்லை. சண்டை முடிந்த ஊரில் கொள்ளையைத் தடுப்பது தன் வேலை என்று படைகள் நினைப்பதில்லை. 2003-இல் பாக்தாதிலும் இதே காட்சி. புதிய அரசு முதல் நாள் வேலைக்குப் போனபோது உட்கார நாற்காலி, எழுதக் கோப்பு எதுவும் மிஞ்சாத அலுவலகங்கள் இருந்தன. அமீன் காலத்துக் கள்ளச்சந்தை, அவர்கள் பேச்சில் ‘மகெண்டோ’, அப்படியே தொடர்ந்தது. சம்பளம் ஒரு வாரத்துச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத நாட்டில் அமைச்சரும் மகெண்டோ, காவலரும் மகெண்டோ.

லூலே தன்னை முழு ஜனாதிபதி என்று நினைத்துக்கொண்டார். உகாண்டாவின் அரசியல் சட்டப்படி அமைச்சர்களை நியமிப்பது ஜனாதிபதியின் உரிமை. மோஷியில் ஒத்துக்கொண்டதோ வேறு: நியமனங்களை ஆலோசனை மன்றம் அங்கீகரிக்க வேண்டும். ஜூன் தொடக்கத்தில் லூலே அமைச்சரவையை மாற்றியமைத்தார்; மன்றத்தைக் கேட்கவில்லை. மன்றம் அதிகாரத்தைக் காட்ட முடிவு செய்தது. ஜூன் 20 இரவு நம்பிக்கையில்லாத் தீர்மானம், லூலே போனார்.

சட்டப்படி யார் சரி என்று அப்போதும் வாதித்தார்கள், இப்போதும் வாதிக்கலாம். என் பார்வையில் இரு பக்கமும் சரி, அதுதான் பிரச்சினை. ஒரு நாட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு அரசியல் சட்டம் இருந்தது. ஒன்று பழைய புத்தகத்தில் இருந்தது, இன்னொன்று வெளிநாட்டு ஊரொன்றில் மூன்று நாளில் எழுதப்பட்டது. இரண்டுக்கும் மக்கள் ஓட்டுப் போடவில்லை.

கம்பாலாவில் பகாண்டா மக்கள் தெருவில் இறங்கினார்கள். லூலே இல்லையென்றால் வேலையும் இல்லை என்று கடைகளை அடைத்தார்கள். கலைந்து போகச் செய்தது தான்சானியப் படை. இரண்டு மாதம் முன் பூ கொடுத்து வரவேற்கப்பட்ட ‘வக்கொம்போசி’, சுவாஹிலியில் விடுதலையாளர்கள், இப்போது லத்தியும் துப்பாக்கியுமாக நின்றார்கள். லூலேவைத் தார் எஸ் சலாமுக்குக் கொண்டுபோய் அரசு மாளிகையில் விருந்தாளி என்ற பேரில் சில காலம் வைத்திருந்தார்கள். விருந்தாளிக்கு வெளியே போக அனுமதி இல்லை. பிறகு லண்டன்.

பினாய்சாவின் கடைசி வாரம்

அடுத்து வந்தவர் கோட்ஃப்ரி பினாய்சா. வழக்கறிஞர், ஒபோட்டேயின் முதல் ஆட்சியில் அட்டர்னி ஜெனரல், பின்னால் அவரோடு பிரிந்தவர். இவரும் பகாண்டா. ஒருவரை இறக்கிய இடத்தில் அதே இனத்தவர் இன்னொருவரை உட்காரவைத்தால் கோபம் தணியும் என்ற கணக்கு, தணியவில்லை. பதினோரு மாதம் தாக்குப்பிடித்தார். ஆலோசனை மன்றம் 30-லிருந்து 127 பேராக விரிந்தது. கம்பாலாவில் இரவானால் துப்பாக்கிச் சத்தம். யார் சுடுகிறார்கள், எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பதினோரு மாதத்தில் முக்கியமான வேலை ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது: ஆள்சேர்ப்பு. முசெவேனி மேற்கே எம்பராரா பக்கத்தில் இளைஞர்களைச் சேர்த்தார். சில நூறு பேரோடு எல்லை தாண்டிய ஃப்ரொனாசா ஆயிரக்கணக்காயிற்று. ருவாண்டாவிலிருந்து அகதிகளாக வந்து உகாண்டாவில் வளர்ந்த துட்சி இளைஞர்களும் அதில் உண்டு. ஓயிட்டே ஓஜோக்கும் டிட்டோ ஒகெல்லோவும் வடக்கே லாங்கோ, அச்சோலி இளைஞர்களைச் சேர்த்தார்கள். பேர் என்னவோ ஒரே தேசிய ராணுவம். உள்ளே இரண்டு ராணுவம். இரண்டும் ஜனாதிபதியுடையது இல்லை.

பினாய்சா இதைப் பார்க்காமல் இல்லை. 1979 நவம்பரில் முசெவேனியைப் பாதுகாப்புத் துறையிலிருந்து வேறு அமைச்சகத்துக்கு மாற்றினார், அது நடந்தது. தேர்தலில் கட்சிகளுக்கு இடமில்லை, எல்லோரும் முன்னணியின் குடைக்குக் கீழேதான் நிற்க வேண்டும் என்றார். பழைய கட்சிகளான ஒபோட்டேயின் மக்கள் காங்கிரஸும் ஜனநாயகக் கட்சியும் எதிரியாயின. 1980 மே 10-ஆம் தேதி ராணுவத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஓயிட்டே ஓஜோக்கை நீக்கி அல்ஜீரியாவுக்குத் தூதராகப் போகச் சொன்னார்.

ஓயிட்டே ஓஜோக் போகவில்லை. அவருடைய சிப்பாய்கள் கம்பாலாவில் வானொலி நிலையத்தை எடுத்துக்கொண்டார்கள். ராணுவக் குழு ஆட்சிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக முவாங்கா அறிவித்தார். பினாய்சா என்டபே அரசு மாளிகையில் இருந்தார். அவரைக் காவல் காத்தவர்கள் தான்சானியர்கள். அந்த நேரத்தில் நாட்டில் சுமார் 10,000 தான்சானியத் துருப்புகள் இருந்தன. அவர்கள் நினைத்திருந்தால் வானொலி நிலையத்தைக் காலிசெய்ய அதிக நேரம் ஆகியிருக்காது. ஜனாதிபதியின் உடம்புக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டார்கள். பதவிக்கு வந்த ஆபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

உகாண்டா அரசியலில் தலையிட மாட்டோம் என்பது நியரேரே சொன்ன காரணம். ஓராண்டு முன் லூலேவுக்காகத் தெருவில் இறங்கியவர்களைக் கலைத்தபோது இந்தக் காரணம் எங்கே போனது என்று கேட்கலாம். நியரேரே திட்டம் போட்டு ஒபோட்டேயைக் கொண்டுவந்தாரா, அல்லது களைத்துப்போய் நடப்பது நடக்கட்டும் என்று விட்டாரா என்பதில் எழுதியவர்கள் இரண்டு கட்சி. எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை அதிகம். போருக்கு 50 கோடி டாலர் ஆனதாகக் கணக்கு. உலகத்தில் யாரும் பங்கு போட முன்வரவில்லை. 18 மாதம் வயிற்றைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று தன் மக்களிடம் கேட்டிருந்தார். 18 மாதம் முடிந்தும் கஷ்டம் தீரவில்லை. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் 1979 மாநாட்டில் அண்டை நாட்டு ஆட்சியைக் கவிழ்க்கலாமா என்று கடிந்துகொண்டவர்கள் வேறு. எப்படியிருந்தாலும், 10,000 பேர் கொண்ட படை ஓர் ஊரில் நிற்கும்போது ‘நாங்கள் தலையிடவில்லை’ என்பதும் ஒரு பக்கம் விழுகிற ஓட்டுத்தான்.

மே 27-ஆம் தேதி ஒபோட்டே மேற்கு உகாண்டாவின் புஷென்யியில் வந்து இறங்கினார்.

ஓட்டு எண்ணிக்கை

தேர்தல் 1980 டிசம்பர் 10. பல ஊர்களுக்கு வாக்குப்பெட்டி நேரத்துக்குப் போய்ச்சேராததால் மறுநாளும் நீடித்தது. 126 இடங்கள், நான்கு கட்சிகள். ஒபோட்டேயின் மக்கள் காங்கிரஸ், பால் செமொகெரேரேயின் ஜனநாயகக் கட்சி, முசெவேனி புதிதாகத் தொடங்கிய தேசபக்த இயக்கம், புகாண்டாவின் பழைமைக் கட்சி. எதிர்த்து நின்றவர்களின் மனுக்கள் தள்ளப்பட்டதால் 17 இடங்களில் ஒபோட்டே கட்சியினர் போட்டியின்றித் தேர்வு.

11-ஆம் தேதி மாலை ஜனநாயகக் கட்சி ஜெயித்துவிட்டதாகக் கம்பாலாவில் பேச்சுப் பரவியது, தெருவில் கொண்டாட்டம். அப்போது முவாங்காவிடமிருந்து ஓர் அறிவிப்பு: இனி எந்தத் தொகுதியின் முடிவையும் என் அனுமதியில்லாமல் யாரும் வெளியிடக் கூடாது, மீறினால் 5 லட்சம் ஷில்லிங் அபராதம், ஐந்தாண்டு சிறை. கொண்டாட்டம் அடங்கியது. முடிவுகள் மறுபடி வரத் தொடங்கியபோது ஒபோட்டே கட்சி எழுபதுக்கு மேல் பெற்றிருந்தது. வந்திருந்த காமன்வெல்த் பார்வையாளர் குழு குறைகளை எழுதிவைத்துவிட்டு, மொத்தத்தில் செல்லுபடியாகும் தேர்தல்தான் என்றது. முவாங்கா துணை ஜனாதிபதி ஆனார். பாதுகாப்புத் துறையும் அவருக்கே.

இப்படியாக அமீனை விரட்டிய இருபதாவது மாதம், அமீன் யாரைக் கவிழ்த்தாரோ அவரே திரும்ப ஜனாதிபதி. ஓட்டில் ஒரே ஓர் இடம் பெற்ற கட்சியின் தலைவர் முசெவேனி, 1981 பிப்ரவரி 6 அன்று 27 துப்பாக்கிகளோடு கபாம்பா ராணுவ முகாமைத் தாக்கிக் காட்டுக்குள் போனார். லண்டனில் இருந்த லூலே அதே ஆண்டு தன் குழுவை முசெவேனியின் குழுவோடு இணைத்தார். கிளர்ச்சி இயக்கத்தின் பெயரளவுத் தலைவர் பேராசிரியர். புயலை நம்பியவர் கடைசியில் கோடாரி தேடினார். 1985 ஜனவரியில் அவர் இறந்தபோது அது இன்னும் பாதி மரத்தில்தான் இருந்தது.

1981 நடுவில் தான்சானியர்கள் ஊர் திரும்பினார்கள். கம்பாலாவுக்கு வடக்கே லுவேரோ முக்கோணம் என்ற பகுதியில் அரசுப் படைக்கும் கிளர்ச்சியாளர்களுக்கும் நடந்த போரில் செத்தவர்கள் ஒரு லட்சம் என்பாரும் உண்டு, மூன்று லட்சம் என்பாரும் உண்டு. ஒபோட்டே 1985 ஜூலையில் மறுபடியும் தன் ராணுவத்தாலேயே கவிழ்க்கப்பட்டார். 1986 ஜனவரி 26-இல் முசெவேனி கம்பாலாவைப் பிடித்தார். அவரோடு காட்டில் இருந்த ருவாண்டா அகதிகளான ஃபிரெட் ருவிகியேமாவும் பால் ககாமேயும் பின்னால் தங்கள் நாட்டுப் போருக்குத் தலைமை தாங்கியது தனிக் கதை.

மற்ற இடங்களில்

மோஷியில் மாநாடு கூடுவதற்குச் சில வாரம் முன்புதான், 1979 ஜனவரி 7 அன்று, வியட்நாம் படை கம்போடியாவின் தலைநகரான நோம் பென்னுக்குள் நுழைந்து, அந்நாட்டை ஆண்ட போல் பாட்டை விரட்டியது. நல்லவர் கெட்டவர் பார்த்தால் நியரேரே செய்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. கொலைகாரன் இன்னும் பெரியவன். ஆனால் வியட்நாம் மாநாடு நடத்தவில்லை. தனக்கு வேண்டிய கெமர் ஆட்களைக் கொண்டு ஒரு கட்சி, ஒரு ராணுவம், ஒரு நிர்வாகம் என்று உட்கார்ந்து கட்டியது, பத்து வருடம் தங்கியது. உலகம் அந்த அரசை ஒதுக்கி வைத்தது, ஐ.நா. இருக்கை போல் பாட் தரப்பிடமே இருந்தது. 1985-இல் பிரதமரான ஹுன் சென் 2023 வரை ஆட்சியில் இருந்துவிட்டு மகன் கையில் கொடுத்தார். கம்பாலாவின் அரசுக்கு உலக அங்கீகாரம் இருந்தது, படை இல்லை. நோம் பென்னில் தலைகீழ். எது நீடித்தது என்பதைச் சொல்ல எனக்கே கசப்பாக இருக்கிறது.

வங்கதேசத்தை எடுத்துக்கொண்டால் நல்ல உதாரணம் மாதிரித்தான் தோன்றும். 1971 டிசம்பரில் இந்திய ராணுவம் டாக்காவுக்குள் போனபோது, அடுத்த அரசு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஓராண்டு முன் நடந்த பாகிஸ்தான் பொதுத்தேர்தலில் கிழக்கு வங்கம் கிட்டத்தட்ட முழுசாக அவாமி லீகுக்கு ஓட்டுப் போட்டிருந்தது. இந்தியத் துருப்புகளும் 1972 மார்ச்சில் கிளம்பிவிட்டன. பனாமாவில் 1989-இல் அமெரிக்கப் படை ராணுவ ஆட்சியாளர் நொரியேகாவைக் கவிழ்த்தபோதும் அப்படித்தான். அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் முன்னிலை பெற்றும் ஏமாற்றப்பட்ட என்டாரா கையில் பதவி போனது. படை வரும் முன்பே ஓட்டு விழுந்திருந்தது என்பதுதான் இரண்டு இடத்திலும் விசேஷம். அதுவும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? அவாமி லீக் தலைவர் முஜிபுர் ரஹ்மானை 1975 ஆகஸ்டில் சுட்டவர்கள் அவருடைய சொந்த ராணுவ அதிகாரிகள்.

ஈராக்கில் மோஷியின் நிழல் நன்றாகவே விழுகிறது. 2003 ஜூலையில் அமெரிக்கர்கள் நியமித்த ஆட்சிக்குழுவில் 25 பேர்: ஷியா 13, சன்னி 5, குர்து 5, துருக்மேன் ஒருவர், அசிரியக் கிறிஸ்தவர் ஒருவர். பாதிப்பேர் பல வருடம் வெளிநாட்டில் இருந்தவர்கள். யாருக்கு எவ்வளவு பலம் என்பதைப் பங்குக் கணக்கில் எழுதினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பே பழைய ராணுவத்தைக் கலைத்து லட்சக்கணக்கானவர்களைத் துப்பாக்கியோடு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. உகாண்டாவில் அமீனின் ராணுவம் தானாகச் சிதறியது. ஈராக்கில் கையெழுத்துப் போட்டுச் சிதறடித்தார்கள். இரண்டிலும் வெற்றிடத்தில் முளைத்தவை அரசின் படைகள் இல்லை, தலைவர்களின் படைகள்.

இதனால்தான், எங்காவது வெளிநாட்டுப் படை புகுந்து அரசு மாறப்போகிறது என்று செய்தி வந்தால், அடுத்த ஜனாதிபதி என்று யார் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லூலேக்கள் எப்போதும் கிடைப்பார்கள்: கண்ணியமானவர், படித்தவர், எல்லோரும் ஒத்துக்கொள்ளக் கூடியவர், பின்னால் நாலு பேர்கூட இல்லாதவர். பட்டியலின் கீழே பாதுகாப்பு விவகாரக் குழு என்று ஒன்று இருக்கும். அதில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் எந்த மாவட்டத்தில் ஆள் சேர்க்கிறார்கள், வானொலி நிலையத்துக்குள் முதலில் யார் போனார்கள் என்று தேடுவேன்.

1980 தேர்தலில் முசெவேனி தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் சாம் குட்டேசா என்ற இளம் வழக்கறிஞர். ஓட்டு அவருக்கு இருந்தது. ஆறு வருடம் கழித்துக் கம்பாலாவுக்குள் படையோடு வந்தவர் முசெவேனி. குட்டேசா பிற்பாடு முசெவேனியின் கட்சிக்குப் போய், 2005 முதல் 2021 வரை அவருக்கு வெளியுறவு அமைச்சராக இருந்தார்.